மருமோனே, மீற்றர் நல்லாச் சுத்தட்டும்!

மருமோன், குடிபூரலுக்குக் கூப்பிட்டனீர், வந்தன். பால் பொங்கினதும் வடிவு, பயித்தம் பணியாரமும் திறம். மற்றவை எல்லாரும் கவருக்குள்ளை காசு வைச்சுத் தந்தவை. கிழவனிட்டை அது எங்காலை? இருக்கிறது புத்திமதி மட்டும்தான். கனடாவிலை மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு வாங்கிக்கொண்டு புத்தி சொல்லுற ஆக்கள் இருக்கினமாம். நான் உடுப்பிட்டிச் சந்தியிலை ஒரு பிளேன்ரீக்குச் சொல்லுறனான். உம்மட்டை அதுவும் வேண்டாம், சும்மா கேளும்.

முதலாவது, கரண்டை மிச்சம் பிடிக்க வெளிக்கிடாதையும். அது கையிலை இல்லாதவன் செய்யிற வேலை. நீர் ரொறன்ரோவிலை இரவும் பகலுமாய் ரெண்டு வேலை செய்து கட்டின வீடு இது. கேற்றிலை நாலு லைற், மதிலிலை பன்னிரண்டு, மேல்மாடியிலை ஆளில்லாத அறைக்குள்ளை ஒரு சரவிளக்கு. விடிஞ்சு ஏழு மணிக்கும் எரியுது. எரியட்டும். இல்லாட்டிச் சூரியன் வழி தவறி நெல்லியடிப் பக்கம் போயிடும். அடுத்த மாசம் நீர் பிளேன் ஏறினாப்பிறகும் அணைக்கவேண்டாம். கள்ளன் இருட்டிலை கால் தடக்கி விழுந்தால் பாவம்.

இந்த வளவிலை முந்தி எங்கட ஐயா கட்டின நாற்சார் வீடு நிண்டது, உமக்கு நினைவிருக்கும். நடுவிலை முற்றம், நாலு பக்கமும் தாவாரம், மேலை ஓடு, உயர்ந்த முகடு. சோளகம் எழும்பினால் ஒரு வாசலாலை வந்து மற்ற வாசலாலை போகும். போகேக்கை வீட்டுக்குள்ளை இருக்கிற சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். மாசக் கடைசியிலை பில் அனுப்பாது. பில் வராத சாமானுக்கு ஆர் மரியாதை குடுக்கினம்? இடிச்சது சரிதான். இப்ப பிளற், சுத்திவரக் கண்ணாடி. சித்திரை வெயில் பகல் முழுக்கப் பிளற்றிலை ஏறியிருந்து, ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலுக்கு இறங்குது. சோளகம் வந்து கண்ணாடியிலை தட்டிப் பாத்துப்போட்டு, பக்கத்து வளவுக் கிடுகுக் கொட்டிலுக்குப் போகுது. அங்கை கிழவி குறட்டை விட்டு நித்திரை. உம்மட வீட்டிலை மூண்டு ஏசி.

மேற்காலை நிண்ட வேம்பையும் தறிச்சாச்சு. ஏனெண்டு கேட்டன். "இலை கொட்டுது மாமா" எண்டீர். ஓம், மரமெண்டால் இலைதான் கொட்டும், டொலரே கொட்டும்? நிழலைத் தறிச்சு வித்துப்போட்டு, அந்தக் காசோடை இன்னும் பத்து மடங்கு சேத்துக் குளிர் வாங்கியிருக்கிறீர். வியாபாரம் தெரிஞ்ச பிள்ளை. ஒரு தொன் ஏசி முழு வேகத்திலை ஒரு மணித்தியாலம் ஓட ஒரு யூனிற் அளவு குடிக்கும். அந்த ஒரு யூனிற்றிலை முகட்டு ஃபான் 13 மணித்தியாலம் சுத்தும். ஆனால் ஃபானைப் பாத்து ஊரிலை ஆர் வாயைப் பிளக்கப் போயினம்?

குளிக்கிற அறையிலை கீசர் பூட்டியிருக்கிறதைக் கண்டு நான் கையெடுத்துக் கும்பிட்டன். மொட்டை மாடியிலை கறுப்புத் தாங்கி. பங்குனி, சித்திரையிலை அதுக்குள்ளை இருந்து வாற தண்ணியிலை மத்தியானம் கை வைக்கேலாது. அந்தத் தண்ணியைத் திரும்பவும் கரண்டிலை சூடாக்கிக் குளிச்சுப்போட்டு, வெக்கை தாங்காமல் ஏசி அறைக்குள்ளை ஓடுறது. இந்த யோசினை வெள்ளைக்காரனுக்கும் வராது.

பில்லைப் பற்றி யோசிக்கவேண்டாம். மின்சார சபை 2022 ஓகஸ்ட்டிலை சராசரி 75 வீதம் ஏத்தினது. 2023 பெப்ரவரியிலை அதுக்கு மேலை இன்னொரு 66 வீதம். பேந்து கொஞ்சம் இறக்கினவை, பேந்தும் ஏத்தினவை. அதெல்லாம் எங்களுக்கு. டொலருக்கு என்ன? ஆனால் உதுக்குள்ளை ஒரு விளையாட்டு இருக்கு, அதை மட்டும் சொல்லித் தாறன். மாசம் 60 யூனிற்றுக்குள்ளை நிண்டால் ஒரு விலைப்பட்டியல். 61ஐத் தொட்டீரோ, வேறை பட்டியல். கூடின ஒரு யூனிற்றுக்கு மட்டுமில்லை, முதலாவது யூனிற்றிலை இருந்தே விலை மாறும். அந்த 61ஆவது யூனிற்றுக்குப் பயந்து எங்கட ஒழுங்கைச் சனம் மாசக் கடைசியிலை சாமிப் படத்துக்கு முன்னாலை நிக்கிறதிலும் பாக்க மீற்றருக்கு முன்னாலைதான் கூட நேரம் நிக்குது. உம்மட வீடு ஆறாந் திகதியே 60ஐத் தாண்டியிருக்கும். நீர் முத்தி அடைஞ்ச ஆள்.

உம்மட மச்சானும் லேசுப்பட்டவர் இல்லை. பழைய 60 வாற் குண்டு பல்ப் ஒண்டு நாளுக்கு அஞ்சு மணித்தியாலம் எரிஞ்சால் மாசம் 9 யூனிற். அதே வெளிச்சம் தாற 9 வாற் எல்.ஈ.டி. பல்புக்கு ஒண்டரை யூனிற்கூடப் போகாது. இதைக் கேள்விப்பட்டு மச்சான் என்ன செய்தவர்? "குறையத்தானே எடுக்குது" எண்டு ஒண்டு தொங்கின இடத்திலை ஏழு பூட்டினவர். இப்ப 9 யூனிற்றுக்கும் கொஞ்சம் மேலை. மிச்சம் பிடிச்சே செலவைக் கூட்டிற வித்தை எங்கட குடும்பத்திலைதான் இருக்கு.

கோயிலையும் சொல்லவேணும். தொண்டைமானாற்றிலை சந்நிதி முருகனுக்கு வாயைக் கட்டிப் பூசை. மந்திரச் சத்தமே இல்லை. அமுது படைக்கிறது ஆலமிலையிலை. இவ்வளவும் காணும் எண்டு இருக்கிற சாமிக்குப் பக்கத்து ஊரிலை இருந்துகொண்டு, எங்கட ஒழுங்கைப் பிள்ளையாருக்கு ஒரு திருவிழா எண்டால் லொறியிலை ஜெனரேற்றர், மைல் கணக்கிலை மின்குமிழ் மாலை, காது கிழியிற ஒலிபெருக்கி. பிள்ளையாருக்கு ஏன் அவ்வளவு பெரிய காது எண்டு இப்பதான் விளங்குது. எல்லாத்தையும் தாங்கவேணுமெல்லே.

சரி, தண்ணிக்கு வருவம். இந்தக் கிணத்திலை முந்தி துலா இருந்தது. தோட்டத்துக்கு இறைக்கிறதெண்டால் ஒருவர் துலாவிலை ஏறி மிதிக்கவேணும், ஒருவர் கீழை பட்டை பிடிக்கவேணும், இன்னொருவர் தண்ணி மாறவேணும். நானும் மிதிச்சனான். தண்ணிக்கு எவ்வளவு பாரமெண்டு காலுக்குத் தெரியும். அப்பிடி வேர்வை சிந்தி எடுத்த தண்ணியை ஒருத்தரும் வழிய விடேல்லை. இப்ப ஒரு சுவிச். விரலுக்குப் பாரம் தெரியாது. இண்டைக்குக் காலமை உம்மட தாங்கி வழிஞ்சு, தண்ணி சுவராலை இறங்கி, முற்றத்து இன்ரர்லொக் கல்லிலை ஓடி, ரோட்டுக்குப் போச்சுது. கல் நல்ல வடிவு. மாரி மழையும் அதே வழிதான் போகும், ஒரு சொட்டும் வளவுக்குள்ளை இறங்காது. சேறுமில்லை, புல்லுமில்லை, பேந்து தண்ணியுமில்லை.

இந்த இடத்திலை மட்டும் மருமோன், பகிடியைக் கொஞ்சம் ஒதுக்கி வைச்சுப்போட்டுக் கதைக்கிறன்.

கண்டிக்கு மகாவலி இருக்கு. குடாநாட்டிலை வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. தொண்டைமானாறு எண்டு பேர்தான் ஆறு, அது கடலேரி. எங்களுக்குள்ள ஒரே சொத்து ஐப்பசி, கார்த்திகை, மார்கழியிலை பெய்யிற மழை. அது சுண்ணாம்புக் கல்லின்ரை வெடிப்புகளுக்குள்ளாலை இறங்கி நிலத்துக்குள்ளை தங்குது. அதுக்குக் கீழை கடல்தண்ணி. காய்ச்சின பாலிலை ஆடை மிதக்கிற மாதிரி உப்புத்தண்ணிக்கு மேலை நல்லதண்ணி மிதக்குது. புத்தூர் நிலாவரைக் கிணறு பாத்தனீர்தானே? மேலை நல்லதண்ணி, ஆழத்திலை உவர். நல்லதண்ணி மட்டம் கடல் மட்டத்துக்கு மேலை ஓரடி நிண்டால், அது கீழை நாற்பதடி ஆழம் வரைக்கும் உப்பை அமத்தி வைச்சிருக்கும் எண்டது நிலத்தடி நீர் படிச்ச ஆக்களின்ரை கணக்கு. அந்த ஓரடியை மோட்டர் உறிஞ்சிப்போட்டால் கீழை இருந்து எவ்வளவு ஏறும் எண்டு நீரே பெருக்கிப் பாரும். கணக்கிலை நீர் கெட்டிக்காரன்.

கரண்ட் பில் மாசாமாசம் வரும், கட்டலாம். கிணத்தின்ரை பில் ஒருநாள்தான் வரும். வாயிலை விட்ட தண்ணி உவர்க்கும். அதை எந்த வங்கியிலையும் கட்டேலாது.

கரண்ட் வேறை, கிணறு வேறை எண்டு நினைக்கிற ஆக்கள் ஒருக்காச் சுன்னாகம் போய் வரவேணும். பெரிய லைன் இல்லாத காலத்திலை யாழ்ப்பாணத்துக்கு வெளிச்சம் தந்தது சுன்னாகத்திலை எரிச்ச எண்ணெய்தான், அதை இல்லையெண்டு சொல்லேலாது. ஆனால் 2014, 2015 அளவிலை அந்தச் சுற்றுவட்டாரத்திலை கிணத்துக்குள்ளை வாளியை விட்டால் தண்ணியோடை எண்ணெயும் ஏறி வந்தது. சொந்தக் கிணறு முற்றத்திலை இருக்க, சனம் குடிதண்ணிக்குப் பவுசரைப் பாத்துக்கொண்டு நிண்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. 2019 ஏப்ரலிலை வந்த தீர்ப்பிலை, மின்நிலையம் நடத்தின கொம்பனி பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா நட்டஈடு குடுக்கவேணும் எண்டு சொல்லியாச்சு. 2 கோடி பெரிய காசுதான். ஆனால் கல்வெடிப்புக்குள்ளை இறங்கின எண்ணெய்க்குத் தீர்ப்பு வாசிக்கத் தெரியாது.

இப்ப பெரிய லைனிலை கரண்ட் வருது. அதிலை நல்ல பங்கு நுரைச்சோலையிலை நிலக்கரி எரிச்சு எடுக்கிறது, 900 மெகாவாற் நிலையம். நிலக்கரி புத்தளத்து மண்ணிலை விளையிற சாமானில்லை. டொலர் குடுத்துக் கப்பலிலை இறக்கிறது. இவ்வளவு பெரிய ஏற்பாட்டை 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள்ளை பாய்ஞ்ச ஒரு குரங்கு நிப்பாட்டிப்போட்டுது. பருத்தித்துறையிலை இருந்து தெய்வேந்திரமுனை வரை முழு நாடும் இல்லை எண்டு போச்சு. குரங்குதான் எண்டு அமைச்சரே சொன்னவர். முந்தி ஒரு குரங்கு வந்து இலங்கைக்கு நெருப்பு வைச்சது. இது வந்து நெருப்பை நூத்துப்போட்டுப் போச்சுது. அந்த அடியிலை நுரைச்சோலையும் நிண்டு, அடுத்த ரெண்டு நாளும் ஒண்டரை மணித்தியாலப்படி வெட்டு. பாணந்துறைக் குரங்கின்ரை நல்ல குணத்தை நம்பி நீர் மூண்டு ஏசி பூட்டியிருக்கிறீர். துணிஞ்ச ஆள்தான்.

கரண்ட் இல்லாமல் சீவிக்கிற வித்தையை எங்களுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. 1990இலை சண்டை திரும்பத் தொடங்கினதோடை குடாநாட்டிலை கரண்ட் நிண்டது. மண்ணெண்ணெய், பெற்றோல், பற்றறி, சவுக்காரம் எல்லாத்துக்கும் தடை. நீர் அப்ப சின்னப் பெடியன். ஜாம் போத்தலுக்குள்ளை கொஞ்சப் பஞ்சு, அது நனையிற அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியிலை செருகின மெல்லிய திரி. போத்தலேதான் சிமினி. சைக்கிளைக் கவிட்டு வைச்சு ஒருத்தன் பெடலைச் சுத்த, டைனமோவிலை ரேடியோ பாடும், பத்துப்பேர் சுத்தியிருந்து பிபிசி தமிழோசை கேப்பம். செய்தி முக்கியமான இடத்துக்கு வரேக்கைதான் சுத்திறவனுக்குக் கை உளையும். மோட்டச்சைக்கிள் மண்ணெண்ணெய்யிலை ஓடினது. ஸ்ராட் எடுக்கிறதுக்கு மட்டும் மருந்து விடுற கணக்கிலை ஒரு சொட்டுப் பெற்றோல். சவுக்காரம் இல்லாமல் பனங்களியிலை உடுப்புத் தோய்ச்சம். கொடியிலை காயப்போட்ட சேட்டை மாடு வந்து சப்பிப்போட்டுப் போகும்.

உதைப் பெருமைக்குச் சொல்லுறன் எண்டு நினைக்காதையும். அந்த வெளிச்சத்திலை ஓ.எல்., ஏ.எல். படிச்ச பிள்ளையளைக் கேட்டுப் பாரும், கண் எரிஞ்சதும் மூக்குக்குள்ளை கரி பிடிச்சதும் சொல்லுவினம். தடை போட்டவன் எங்களுக்குச் சிக்கனம் பழக்கேல்லை, வதைச்சவன். அதாலைதான் கரண்ட் வந்தவுடனை எங்கட சனம் இருட்டிலை இருந்த வருசங்களுக்கெல்லாம் வட்டியோடை சேத்து லைற் போட்டுது. எனக்கு அது விளங்குது. 2022 மார்ச் கடைசியிலை ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினவை. கொழும்பு திகைச்சு நிக்க, இஞ்சை கிழவியள் அலுமாரிக்கு மேலை இருந்த போத்தலை இறக்கித் தூசி தட்டினவை. பெற்றோல் வரிசையிலை நிண்டு களைச்ச பெடியள் தேப்பன்மாரின்ரை சைக்கிளுக்குக் காத்தடிச்சாங்கள். கரண்ட் திரும்ப வந்தது, போத்தல் திரும்ப அலுமாரிக்கு மேலை. வேறை ஆரும் வெட்டினால் பேசாமல் இருப்பம். நாங்களாய் ஒரு சுவிச்சை அமத்தினால் மட்டும் மானம் போயிடும். அந்த மானத்தைத்தான் நான் உம்மட மதிலிலை எண்ணிப் பாத்தனான்.

நேற்றுப் பின்னேரம் உம்மட மூத்தவள் என்னைப் பிடிச்சிருத்தி, பூமி சூடாகுது தாத்தா எண்டு வகுப்பெடுத்தது. கெட்டிக்காரப் பிள்ளை. நானும் ஒரு கணக்குச் சொன்னன். கனடாவிலை ஒரு ஆளுக்கு வருசம் 14 தொன் அளவிலை கரியமில வாயு. இலங்கையிலை ஒரு ஆளின்ரை பங்கு ஒரு தொன்னுக்குக் கிட்ட. ரொறன்ரோவிலை இருந்து பிளேனிலை வந்து திரும்பிப் போக ஆளுக்கு ரெண்டு தொன்னுக்கும் மேலை. இந்தக் குடிபூரலுக்கு நீங்கள் ஆளுக்கு எங்கட ரெண்டு வருசத்துப் புகையை விட்டுக்கொண்டு வந்திருக்கிறியள் எண்டன். பிள்ளை கொஞ்சம் யோசிச்சுது. "அப்ப நீங்கள் ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?" எண்டு கேட்டுது. பாரும், தேப்பன் கேக்காத கேள்வி.

பிள்ளைக்குச் சொன்ன மறுமொழியை உமக்கும் சொல்லுறன். உலகத்தைக் காப்பாத்திற கடன் எங்கட தலையிலை குறைவுதான். உடுப்பிட்டி முழுக்க லைற்றை நூத்தாலும் வடதுருவத்திலை ஒரு ஐஸ்கட்டியும் திரும்பிப் பாராது. ஆனால் கிணறு பாக்கும். சூடு கூடிக் கடல் ஏறினால் முதல் உப்புக் குடிக்கப் போறது கடல் சூழ்ந்த எங்கட கிணறுகள்தான். நாங்களே உறிஞ்சி வழி விட்டால், கடல் ஏறும்வரைக்கும் காத்திருக்கவும் தேவையில்லை. அதாலை உலகத்துக்காகச் செய்யவேண்டாம், எனக்காகவும் செய்யவேண்டாம். உம்மட வாளிக்காகச் செய்யும். நல்ல மனதோடை தொடங்கின கனக்க வேலையள் தைப்பொங்கலோடை முடிஞ்சுபோனதைக் கண்டிருக்கிறன். சுயநலத்தோடை தொடங்கினது நெடுக நிக்கும்.

சோலர் பூட்டினால் எல்லாம் சரி எண்டு மச்சான் சொல்லுறார். நல்ல விசயம், பூட்டும். ஆனால் 2025 ஏப்ரல் புதுவருச லீவு நாளுகளிலை, கூரையிலை சோலர் வைச்ச ஆக்களைப் பகல் 3 மணிவரைக்கும் நிப்பாட்டி வைக்கச் சொல்லி மின்சார சபை கேட்டது. கந்தோரும் தொழிற்சாலையும் பூட்டு, வெயிலோ உச்சியிலை. சூரியன் தாறதை வாங்க ஆளில்லை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு பத்தரை வரைக்கும் பாத்தால் எல்லா வீடும் ஒண்டாய் முழிக்குது. அப்ப சூரியன் இல்லை, எண்ணெயையும் எரிச்சுத்தான் ஈடு கட்டுகினம். எங்கட வீடுகளிலை அயன் பண்ணுறது, மெசினிலை தோய்க்கிறது, தாங்கி நிரப்பிறது எல்லாம் ரீவி நாடகம் போற நேரத்திலைதானே நடக்குது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கிழமை உடுப்பையும் ஒருமிக்க அயன் பண்ணினால் சுருக்கம் போகாதோ? பகலிலை இறைச்ச தண்ணி இரவிலை நனைக்காதோ?

இன்னும் சில கதையள் ஊரிலை அடிபடுது, நான் சொன்னதாய் எடுக்காதையும். தாங்கி நிரம்பினவுடனை மோட்டரைத் தானாய் நிப்பாட்டிற சுவிச் ஒண்டு கடையிலை இருக்காம். கூரைப் பீலித் தண்ணியை ரோட்டுக்கு விடாமல், முற்றத்திலை பத்துக் கல்லைக் கிளப்பி ஒரு குழி வெட்டி இறக்கினால் அது நிலத்துக்குள்ளை போய்ச் சேருமாம். மேற்காலை ஒரு வேப்பங்கண்டு வைச்சால், உம்மட மூத்தவள் கலியாணம் பேசி வரேக்கை அந்தச் சுவரிலை வெயில் விழாதாம். வீட்டிலை ஆளில்லாத பத்து மாசமும் ஃபிறிட்ஜுக்குக் கரண்ட் தேவைப்படாதாம். கண்ணாடி யன்னலுக்குத் திறக்கிற கொழுக்கியும் வைச்சுத்தானாம் விக்கிறவங்கள்.

எங்கட குடும்பத்திலை பெரியாக்கள் சொல்லி ஆரும் கேட்ட வரலாறு இல்லை. வீட்டை இடியாதையும் எண்டன், இடிச்சாச்சு. வேம்பைத் தறியாதையும் எண்டன், தறிச்சாச்சு. அதாலைதான் இந்த முறை எரியட்டும், ஓடட்டும், வழியட்டும் எண்டு சொல்லிப் பாக்கிறன். அங்கை கேளும், மேலை சளசளவெண்டு சத்தம். தாங்கி திரும்பவும் வழியுது. நீர் எழும்பவேண்டாம், இரும், பலகாரம் சாப்பிடும், அது பாட்டுக்குப் போகட்டும்.

என்ன மருமோன், பாதியிலை எழும்பி ஓடுறீர்? மெல்லப் போம். படியெல்லாம் உம்மட கிணறு வழிஞ்சு கிடக்குது, வழுக்கும்.